பின்னால் நீந்திய பாசி

வாடகைக்கு வந்த வால்கோட்டு யோரிட்டுக்குத் தோளில் இறுக்கியது, வயிற்றில் தொங்கியது. கோட்டு சரியான அளவுதான், உங்கள் உடம்புதான் வழக்கத்துக்கு மாறானது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். யோரிட் நகராட்சி நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவன். அரைக்கால் சட்டையில் வேலை செய்து பழகியவன்.

அன்று அவன் தங்கை ரென்ஸ்கே முனைவர் பட்டம் வாங்க வேண்டிய நாள். எங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க வருகிறவர் தனியாக வரக் கூடாது. இரண்டு பக்கமும் இரண்டு துணைவர்கள் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் விவாதம் கைகலப்பாக முடிந்ததால் இந்த ஏற்பாடு. இப்போது கைகலப்பு இல்லை. துணைவர்கள் இருக்கிறார்கள். வலப்புறத் துணைவன் யோரிட். இடப்புறத் துணைவன் லீவே, ரென்ஸ்கேயோடு ஒரே அறையில் வேலை செய்யும் கணிதக்காரன். வலப்புறத்தவருக்குச் சில வேலைகள் உண்டு. இடப்புறத்தவர் சமச்சீருக்காக.

ஒற்றைச் செல் பாசி எப்படி நீந்துகிறது என்பதைக் கணக்காக எழுதுவது ரென்ஸ்கேயின் ஆய்வு. கண்ணுக்குத் தெரியாத பச்சை உருண்டை. முன்பக்கம் இரண்டு மெல்லிய இழைகள். அவற்றை வீசித் தவளை நீச்சல் அடிக்கும். அப்படியென்றால் அது நம் ஆள் என்று யோரிட் முதலில் மகிழ்ந்தான். அவள் அப்படி இல்லை என்று விளக்கினாள். அவ்வளவு சின்ன உயிருக்குத் தண்ணீர் தேனைப் போலக் கெட்டியானது. வீசுவதை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இழையை வீசிய வழியிலேயே திருப்பி இழுத்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். யோரிட்டின் வகுப்பிலும் அப்படிச் சில பிள்ளைகள் இருந்தார்கள். அதைச் சமன்பாடாக எழுதலாம் என்று அவனுக்குத் தோன்றியதில்லை.

தேர்வு மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அழைக்கும்வரை அங்கே உட்கார வேண்டும். லீவே கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். ரென்ஸ்கே யோரிட்டை ஜன்னலோரம் இழுத்தாள்.

"ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட சொல்லிடாத."

"கல்யாணமா?"

"நாலாம் அத்தியாயம் தப்பு."

"எவ்வளவு தப்பு?"

"ஒரு கழித்தல் குறி."

"அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

"பாசி பின்னால போகுது, யோரிட்."

கணக்குப் போட வசதியாக அவள் பாசியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இந்தத் துறையில் எல்லாரும் செய்வதுதான். பாசி அசையாமல் நிற்கிறது, தண்ணீர்தான் அதைக் கடந்து பின்னால் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இறங்கும்போது குறியை மாற்ற வேண்டும். அவள் இறங்கினாள், குறியை மாற்றவில்லை. வேகம் மட்டும் சோதனைச்சாலை அளவோடு அச்சாகப் பொருந்தியது. எல்லாரும் வேகத்தைப் பார்த்தார்கள். திசையை யாரும் பார்க்கவில்லை. ஆய்வு நூல் அச்சாகி வந்தபின் ஒருநாள் பேருந்தில், விருந்துக்கு வரும் அத்தை அது எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

நார்வேயில் ஒரு குழு நாலாம் அத்தியாயத்தை நம்பி ஒரு நுண்ணிய இயந்திரம் செய்யத் தொடங்கியிருந்தது. பாசியைப் போலவே நீந்தும். மருந்தைச் சுமந்துகொண்டு நோயாளியின் சிறுநீர்ப்பைக்குள் போகும். ரென்ஸ்கே அவர்களை உடனே கூப்பிட்டுச் சொன்னாள். அவர்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். பல்கலைக்கழகம் ஏற்ற நூல் ஒன்று சொல்கிறது, அதை எழுதியவர் வேறு சொல்கிறார் என்றால், தங்கள் விதிப்படி நூலைத்தான் நம்ப முடியும் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டாள். ஏற்ற நூலில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. ஆனால் தேர்வு மண்டபத்தில் எதிர்வாதி, அதாவது எதிர்த்துக் கேள்வி கேட்க அமர்த்தப்பட்ட அறிஞர், கேட்கும் கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்படுவது நூலின் பகுதியாகிவிடும் என்றார்கள்.

"அதனால யாராவது கேக்கணும்" என்றாள். "கேட்டா சொல்லிடுவேன்."

"நான் கேக்கறேன்."

"நீ துணைவன். உனக்கு வாய் கிடையாது. படிக்கச் சொன்னா படிக்கலாம்."

"சொல்லி, பட்டம் குடுக்கலேன்னா?"

"குடுக்காட்டி போகட்டும். எவனோ ஒருத்தனோட மூத்திரப்பைக்குள்ள அது தப்பான பக்கம் போகக் கூடாது."

கோல்காரர் டெர்ப்ஸ்ட்ரா அம்மையார் உள்ளே வந்தார். வெள்ளிப் பூணும் சின்ன மணிகளும் வைத்த கோல் அவர் கையில் இருந்தது. மண்டபத்தில் நேரம் அவருடையது. முக்கால் மணி நேரம் முடிந்ததும் உள்ளே வந்து லத்தீனில் நேரமாயிற்று என்பார். அந்த நொடியில் எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டும், சொல் பாதியில் இருந்தாலும். பதில் சொல்பவர், எதிர்வாதி பேராசிரியரானால், மிக உயர்ந்த கல்வியாளரான எதிர்வாதி அவர்களே என்று தொடங்க வேண்டும். வெறும் முனைவரானால் மிகுந்த கல்வியாளரான எதிர்வாதி அவர்களே. அடுத்து கேள்விக்கு நன்றி. அதன்பின் நேரம் இருந்தால் பதில். எதிர்வாதி பதிலுக்குத் தொப்பியைத் தூக்கி வைப்பார்.

யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லலாமா என்று ரென்ஸ்கே கேட்டாள்.

"கேக்காததுக்குச் சொன்னா அது பதில் இல்ல, பேச்சு" என்றார் டெர்ப்ஸ்ட்ரா அம்மையார். "பேச்சுக்கு வேற மண்டபம் இருக்கு. மாடியில."

அவர் போனதும் வழிகாட்டி பேராசிரியர் பிரான்ட்ஸ்மா கை குலுக்க வந்தார். கறுப்பு அங்கி, வெல்வெட் தொப்பி. ரென்ஸ்கே அவரிடமும் சொன்னாள். அவர் வாத்சல்யத்தோடு சிரித்தார்.

"உன் நாலாம் அத்தியாயத்தை நான் கடைசிப் பக்கத்துலேர்ந்துதான் படிச்சேன், ரென்ஸ்கே. முடிவு சோதனையோட ஒத்துப்போச்சு. முடிவு சரியா இருக்கறப்ப நடுவுல போய்க் கிளறறது மரியாதை இல்ல. படிச்சவங்க எல்லாரும் கையெழுத்து போட்டிருக்காங்க. ஒருத்தர் கண்டுபிடிச்சா அது தப்பு. யாருமே கண்டுபிடிக்கலேன்னா, அது இந்தத் துறையோட நிலைப்பாடு."

நிமிர்ந்து நில், நிதானமாகப் பேசு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவுகள் திறந்தன. மண்டபத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதல் வரிசையில் அம்மா புதிய நீல உடையில் இருந்தாள். அங்கி அணிந்தவர்கள் கோலுக்குப் பின்னால் வரிசையாக வந்து உயரமான இருக்கைப் பலகையில் அமர்ந்தார்கள். நடுவில் தலைவர், திருச்சபைச் சட்டப் பேராசிரியர் ஹைடெமா. தலைமை முறை வைத்து மாறும், அன்று அவர் முறை. கணக்கு அவருக்குத் தெரியாது. அதனால் நடுநிலையாக இருந்தார்.

முதல் எதிர்வாதி பேராசிரியர் ஊஸ்டர்லோ. நீர்ச்சுழல்களைப் பற்றித் தடிமனான புத்தகங்கள் எழுதியவர். நூலை அவர் கையில் எடுக்கவில்லை. நூலோடு ஒரு தனித் தாள் கொடுப்பது எங்கள் வழக்கம். அதில் பட்டத்துக்கு வருபவர் சில கருத்துகளைச் சொல்ல வேண்டும். கடைசிக் கருத்து வேடிக்கையாக இருக்க வேண்டும். வேடிக்கையைச் சரிபார்க்க ஓர் உபகுழு உண்டு. ரென்ஸ்கேயின் வேடிக்கையை அவர்கள் முதலில் சிரிப்பு வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு சிரிப்பு வருகிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஊஸ்டர்லோ தாளை எடுத்தார். வலப்புறத் துணைவர் கடைசிக் கருத்தைப் படிக்கட்டும் என்றார்.

யோரிட் தங்கையைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். கடைசிக் கருத்தை விட்டுவிட்டு நாலாவதைப் படித்தான். குளத்தின் மறுகரைக்குக் கேட்கும் குரல் அவனுடையது. "நாலாவது. இந்த நூலிலுள்ள கணக்கு, பாசி நீந்தும் வேகத்தையும் திசையையும் சரியாகத் தருகிறது."

திசை என்ற சொல்லை அவன் கொஞ்சம் நீட்டியும் பார்த்தான்.

"இது தெளிவா இருக்கு" என்றார் ஊஸ்டர்லோ. "தெளிவா இருக்கறதுல கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நான் கேட்டது கடைசி."

யோரிட் கடைசிக் கருத்தைப் படித்தான். ஓர் அசைவை முன்னும் பின்னும் ஒரே வழியில் செய்யும் எதுவும் கெட்டியான சூழலில் இடம் நகராது. இது நுண்ணுயிர்களுக்கு மட்டும் பொருந்துவதல்ல.

ஊஸ்டர்லோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நுண்ணுயிர்களுக்கு மட்டும் அல்ல என்றால் வேறு எதற்கு என்று கேட்டார். உதாரணம் வேண்டும் என்றார்.

"மிக உயர்ந்த கல்வியாளரான எதிர்வாதி அவர்களே" என்றாள் ரென்ஸ்கே. ஊஸ்டர்லோ தொப்பியைத் தூக்கினார். தொப்பி போன வழியே திரும்பி வந்தது. "கேள்விக்கு நன்றி. கதவு."

"கதவா?"

அவள் மறுபடி விளித்தாள். அவர் மறுபடி தொப்பியைத் தூக்கி வைத்தார். திறப்பதும் மூடுவதும் ஒரே பாதை என்பதால் கதவு எங்கும் போவதில்லை என்றாள். ஊஸ்டர்லோ இதை எழுதிக்கொண்டார். சுழல்கதவு என்ன ஆகும் என்று கேட்டார். தொப்பி எழுந்து அமர்ந்தது. சுழல்வது நகரும், பாக்டீரியா தன் வாலைத் திருகாணி போலச் சுழற்றித்தான் போகிறது என்றாள். அப்படியானால் நூலகத்தின் சுழல்கதவு ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று கேட்டார். அதைத் தரையில் பொருத்தியிருக்கிறார்கள் என்றாள். பொருத்தப்படாத சுழல்கதவுகளைப் பற்றி இலக்கியத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார். பலகையில் இருந்தவர்கள் ஆர்வத்தோடு முன்னால் குனிந்தார்கள். வழிகாட்டி பிரான்ட்ஸ்மா பெருமையாக இருந்தார்.

ரென்ஸ்கே ஓர் இடுக்கைக் கண்டாள். பாக்டீரியாவுக்குச் சொல்வது பாசிக்குப் பொருந்தாது, நாலாம் அத்தியாயத்தில், என்று தொடங்கினாள்.

தலைவர் மேசையைத் தட்டினார். கேள்வி கதவைப் பற்றியது என்றார்.

இரண்டாம் எதிர்வாதி லியோனிலிருந்து விருந்தினராக வந்த பேராசிரியர் மதாம் வெர்னூ. அவர் ஒருவர்தான் நூலை முழுதும் படித்திருந்தார். அதனால் கேள்வியைத் தொடங்கவே அவருக்கு நெடுநேரம் பிடித்தது. இந்தத் துறை எப்படிப் பிறந்தது என்று சொன்னார். அதில் தன் பங்கைச் சொன்னார். முதல் மூன்று அத்தியாயங்களையும் ஒவ்வொன்றாகப் பாராட்டினார். நாலாம் அத்தியாயத்துக்கு வந்தபோது குரல் தழுதழுத்தது. கணக்குக்கும் சோதனைக்கும் இப்படி ஓர் ஒற்றுமையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். யோரிட் மண்டபக் கடிகாரத்தைப் பார்த்தான். கோட்டுக்குள் வியர்த்தது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்றார் மதாம் வெர்னூ. "நாலாம் அத்தியாயத்தை இன்னொரு தடவ எழுதச் சொன்னா, எதையாவது மாத்துவீங்களா?"

ரென்ஸ்கே தன் முன்னிருந்த மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மிக உயர்ந்த கல்வியாளரான எதிர்வாதி அவர்களே." தொப்பி எழுந்தது. "கேள்விக்கு மனமார்ந்த நன்றி." தொப்பி அமர்ந்தது. "மாத்துவேன். நாலாம் அத்தியாயத்துல பாசி—"

கதவு திறந்தது. மணிகள் குலுங்கின.

"ஹோரா எஸ்ட்" என்றார் டெர்ப்ஸ்ட்ரா அம்மையார்.

ரென்ஸ்கேயின் வாய் திறந்தபடி நின்றது. நாலாம் அத்தியாயத்தில் பாசி. அந்த வாக்கியம் அப்படியே நூலின் பகுதியாயிற்று. தவறு ஏதும் அதில் இல்லை.

குழு எழுந்து கோலுக்குப் பின்னால் கலந்துபேசப் போனது. அம்மா முதல் வரிசையிலிருந்து வந்து மூவருக்கும் பெப்பர்மின்ட் கொடுத்தாள். கதவைப் பற்றிச் சொன்னது ரொம்ப நன்றாக இருந்தது என்றாள். ரென்ஸ்கே மிட்டாயைக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் அழவில்லை. அழுதால் தேவலை என்று யோரிட்டுக்குத் தோன்றியது.

குழு திரும்பி வந்தது. தலைவர் எழுந்து, சட்டமும் வழக்கமும் இந்தப் பட்டத்துக்குத் தரும் எல்லா உரிமைகளோடும் ரென்ஸ்கே முனைவர் ஆனாள் என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பிரான்ட்ஸ்மா வாழ்த்துரை சொன்னார். அவள் தன்னிடம் வந்த முதல் நாளே இவள் எந்தத் திசையில் போகப்போகிறாள் என்பது தனக்குத் தெரிந்துவிட்டது என்றார்.

யோரிட் தங்கையின் பக்கம் குனிந்து, உரிமை உரிமை என்கிறார்களே, என்ன உரிமை என்று ரகசியமாகக் கேட்டான். நீச்சல்குளத்தில் வேலை செய்கிறவனின் ரகசியம். மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவனைக் கண்டிக்கத்தான் தலைவர் ஹைடெமா நிமிர்ந்தார். ஆனால் அவர் சட்டக்காரர். சட்டம் பற்றிய கேள்வி ஒன்று காற்றில் நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. பலகையின் இரண்டு பக்கமும் பார்த்தார். முனைவர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம் என்றார் பிரான்ட்ஸ்மா. வேறு ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை. தலைவர் கோல்காரரைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் டெர்ப்ஸ்ட்ரா அம்மையார். "சபை முடிஞ்சுதுன்னு நான் கோலைத் தட்டற வரைக்கும், மண்டபத்துல இருக்கற எந்த முனைவரும் எதிர்வாதியா கேள்வி கேக்கலாம். யாரும் கேட்டதில்ல. அந்த நேரத்துல எல்லாருக்கும் பசி."

ரென்ஸ்கே கையை உயர்த்தினாள்.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

"யாருகிட்ட?" என்றார் தலைவர்.

"இந்த நூலை எழுதினவங்ககிட்ட."

"அது நீங்கதானே?"

"அப்ப நான் முனைவர் இல்ல. இப்ப முனைவர்."

ஹைடெமாவின் முகத்தில் அன்று முதல்முறையாக ஒளி வந்தது. ஒரே ஆள் இரண்டு பதவியில் இருப்பது அவர் துறையில் பழைய சிக்கல். அவர் கண்ணை மூடி யோசித்தார். பின்னால் யாரோ வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். கடைசியில் தீர்ப்புச் சொன்னார். முனைவர் கேட்கலாம். ஆனால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்கக் கூடாது. நூலை எழுதியவர் பேச முடியாத நிலையில் இருந்தால் அவருக்காக வலப்புறத் துணைவர் பதில் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. நூலை எழுதியவர் இப்போது எதிர்வாதியாக இருப்பதால் பேச முடியாத நிலையில் இருக்கிறார்.

லீவே தொண்டையைச் செருமிக்கொண்டு அரை அடி முன்னால் வந்தான். இடப்புறத்துக்கு விதி ஏதும் இல்லை என்றார் தலைவர். லீவே பின்னால் போனான்.

யோரிட் அவள் நின்ற மேசைக்குப் பின்னால் போய் நின்றான். அது அவன் இடுப்புக்குத்தான் வந்தது. ரென்ஸ்கே மேலே ஏறி ஊஸ்டர்லோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊஸ்டர்லோ தன் தொப்பியைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். அது அவள் புருவம்வரை இறங்கியது.

"நாலாம் அத்தியாயத்துக் கணக்குப்படி" என்றாள், "பாசி எந்தப் பக்கம் போகுது?"

யோரிட் தண்ணீர் குடித்தான். "மிகுந்த கல்வியாளரான எதிர்வாதி அவர்களே." தொப்பியைத் தூக்க அவள் இரண்டு கையையும் பயன்படுத்த வேண்டியிருந்தது. "கேள்விக்கு நன்றி. பின்னால."

"நிஜப் பாசி?"

"முன்னால."

"அப்ப நூல்ல எங்க பிசகு?"

"நீங்க பாசி மேல ஏறி உக்காந்து கணக்கு போட்டீங்க. இறங்கறப்ப கழித்தல் குறிய மாத்தல. வேகம் சரி. திசை தப்பு. நூலைப் படிக்கறவங்க எல்லாரும் அந்தக் குறிய மாத்திக்கணும்." அவன் நிறுத்தினான். பிறந்ததிலிருந்து தங்கையை நீங்கள் என்று சொன்னதில்லை. "நார்வேயில இருக்கறவங்களும்" என்று சேர்த்தான்.

டெர்ப்ஸ்ட்ரா அம்மையார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மதாம் வெர்னூ நாலாம் அத்தியாயத்தை விரித்து விரலை வைத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "அட" என்றார். தனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த இடத்தில் ஒரு சந்தேகம் இருந்தது என்று பிரான்ட்ஸ்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

எதிர்வாதிக்கு நிறைவா என்று தலைவர் கேட்டார்.

"நிறைவு" என்றாள் ரென்ஸ்கே. தொப்பிக்கு அடியில் முகம் மலர்ந்திருந்தது.

கொடுத்த பட்டத்தைத் திருப்பி வாங்கும் விதி உண்டா என்று ஊஸ்டர்லோ கேட்டார். இல்லை என்றார் ஹைடெமா. அவர் கோலைத் தட்டச் சொல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை. குழு மறுபடி எழுந்தது. தொப்பிகளைச் சரிசெய்துகொண்டது. கோலுக்குப் பின்னால் வரிசையாக வெளியே போனது. ரென்ஸ்கேயை மட்டும் அந்தப் பலகையில் விட்டுவிட்டார்கள், தொப்பியில்லாத ஊஸ்டர்லோ கடைசியாகப் போனார்.

யோரிட் அங்கேயே நின்றான். போகலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இவன் எதுக்குடி இன்னும் நிக்கறான்?" என்றாள் அம்மா. "சூப்பு ஆறிப்போகும்."

ரென்ஸ்கே பலகையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்த மண்டபத்தில் ஒரு நூலுக்காக எதிர்வாதிக்குப் பதில் சொன்னவரைப் பற்றிக் குழு கலந்துபேசி முடிவு சொல்லியே தீர வேண்டும் என்று விளக்கினாள். அது விதி.

"என்ன முடிவு?" என்றான் யோரிட்.

"உனக்குப் பட்டம் குடுக்கறதா வேணாமான்னு."

"எனக்கு சாயங்காலம் வகுப்பு இருக்கு. பிள்ளைங்க காத்திட்டிருக்கும்."

"பயப்படாதடா. இந்த மண்டபத்துல இதுவரைக்கும் யாருமே தோத்ததில்ல."

"அதுதான் பயமா இருக்கு" என்றான் யோரிட்.